காற்றை விற்ற ரயில் நிலையம்

கொஞ்சம் நீளமான த்ரெட். நைட் டியூட்டி முடிஞ்ச அடுத்த நாள் உட்கார்ந்து எழுதினது. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வாங்க.

நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் டெர்மினல்னு ஒரு ரயில் நிலையம் இருக்கு. ஹாலிவுட் படம் பார்க்கிற எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. பெரிய கூடம், நடுவில் நாலு முகம் கொண்ட கடிகாரம், அதைச் சுற்றி அவசர அவசரமா ஓடும் ஜனம். அந்தக் கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் 125 அடி உயரத்தில் வானம் வரைந்திருக்கும். நீலப்பச்சை நிறம், தங்கக் கோட்டில் ராசிகள், சுமார் 2,500 நட்சத்திரங்கள்.

அந்த வானத்தில் ஒரு இடத்தில் மட்டும் சின்னதா ஒரு கருப்புச் சதுரம் இருக்கும். அழுக்கை வேண்டும்னே விட்டு வைத்திருக்காங்க.

1990களின் பிற்பகுதியில் கூரையைச் சுத்தம் செய்தார்கள். அதுவரைக்கும் அந்த வானம் கிட்டத்தட்ட கருப்பு. ரயில் புகைதான் காரணம்னு எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனா அங்கே நீராவி இன்ஜின் ஓடியதே இல்லை, எல்லாம் மின்சார ரயில். ஆராய்ந்து பார்த்தவர்கள் சொன்னது, படிந்திருந்ததில் பெரும்பகுதி சிகரெட் புகையின் தாரும் நிகோட்டினும். ஐம்பது வருஷமா கீழே நின்று ரயிலுக்குக் காத்திருந்தவர்கள் ஊதித் தள்ளினது.

முன்னாடி எப்படி இருந்ததுன்னு அடுத்த தலைமுறைக்குத் தெரியட்டும்னு ஒரு சதுரத்தை மட்டும் துடைக்காமல் விட்டார்கள். அது இருக்கும் இடம் எது தெரியுமா? கடக ராசிக்குப் பக்கத்தில். ஆங்கிலத்தில் அந்த ராசிக்குப் பேரே கேன்சர். நண்டுங்கிற அர்த்தத்திலிருந்துதான் புற்றுநோய்க்கும் அந்தப் பேர் வந்தது. திட்டமிட்டுச் செய்தார்களா தெரியாது. புகைபிடிக்கும் நோயாளிகளுக்கு இதைவிட நல்ல போஸ்டர் நான் பார்த்ததில்லை.

சரி, அறிவுரை இல்லை இன்னைக்கு. இந்த நிலையத்தை இடிக்க எத்தனை பேர் வந்தாங்க, எப்படித் தப்பிச்சதுங்கிறதுதான் கதை. தப்பித்ததுக்குக் காரணம், இன்னொரு ரயில் நிலையம் செத்தது. அதிலிருந்து ஆரம்பிக்கணும்.

கிராண்ட் சென்ட்ரலில் இருந்து ஒன்றரை மைல் கூட இருக்காது, அதே மன்ஹாட்டனில் பென்சில்வேனியா ஸ்டேஷன். சுருக்கமா பென் ஸ்டேஷன். 1910ல் திறந்தது. வடிவமைத்தவர் சார்லஸ் மெக்கிம். ரோம் நகரில் காரகல்லா பேரரசர் கட்டிய பழைய குளியல் மண்டபங்களை மனசில் வைத்து அந்தக் காத்திருப்புக் கூடத்தைப் போட்டார். 150 அடி உயரம். வெளியே 84 கல் தூண்கள். கட்டிடத்து மேலே 22 பெரிய கல் கழுகுகள். இரண்டு தெருக் கட்டங்களை அடைத்துக்கொண்டு நின்ற கட்டிடம்.

இதைக் கட்ட வைத்தவர் ரயில்வே கம்பெனித் தலைவர் அலெக்சாண்டர் கசாட். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டி ரயிலை மன்ஹாட்டனுக்குள் கொண்டு வரணும்கிறது அவர் கனவு. அதுவரை பயணிகள் அக்கரையில் இறங்கிப் படகு பிடிச்சுத்தான் வரணும். நிலையம் முடிவதற்கு நாலு வருஷம் முன்னாடியே, 1906ல், இறந்துட்டார்.

1945ல் மட்டும் இந்த நிலையம் வழியாக 10 கோடிப் பேருக்கு மேல் போனார்கள். போர்க்காலம், சிப்பாய்களும் அவங்களை வழியனுப்ப வந்த குடும்பங்களும். அதுதான் உச்சம். அதுக்கப்புறம் சரிவு.

ஏன் சரிவு? அமெரிக்காவில் அன்றைக்கு ரயில்கள் தனியார் கையில். போர் முடிந்ததும் வீட்டுக்கு வீடு கார். 1956ல் அரசே பணம் போட்டு நெடுஞ்சாலைகள் கட்ட ஆரம்பித்தது. சில வருஷத்தில் ஜெட் விமானமும் வந்தது. சாலையும் விமான நிலையமும் அரசு செலவில். ரயில் நிலையத்துக்கோ கம்பெனிதான் பராமரிப்பும் பார்க்கணும், நகராட்சிக்குச் சொத்து வரியும் கட்டணும். வருமானம் குறையக் குறைய பராமரிப்பு நின்றது. தூண்களில் அழுக்கு ஏறியது. கூடத்துக்குள்ளேயே கடை, விளம்பரப் பலகை, கன்னாபின்னான்னு டிக்கெட் கவுண்டர். அழகான கட்டிடத்தை முதலில் அசிங்கமாக்கணும், அப்புறம் "இது அசிங்கமா இருக்கு, இடிக்கலாம்"னு சொல்லணும். உலகம் முழுக்க இந்த வரிசை மாறுவதே இல்லை.

1962ல் அறிவிப்பு வந்தது. நிலையத்தை இடித்துவிட்டு அதன் மேலே மேடிசன் ஸ்கொயர் கார்டன் என்கிற விளையாட்டு அரங்கமும் அலுவலகக் கட்டிடமும் வரும். ரயில்வேக்கு என்ன லாபம்? தரைக்கு அடியில் சின்னதா, ஏசி போட்ட புது நிலையம் இலவசம். அரங்கக் கம்பெனியில் 25 சதவீதப் பங்கு. நஷ்டத்தில் இருக்கும் கம்பெனிக்கு இதைவிட என்ன வேணும்?

1962 ஆகஸ்ட் 2. சாயங்காலம் ஆபீஸ் விடும் நேரத்தில் சுமார் இருநூறு பேர் நிலையத்துக்கு முன்னாடி பதாகை பிடித்துச் சுற்றி வந்தார்கள். பெரும்பாலும் இளம் கட்டிடக் கலைஞர்கள். பிலிப் ஜான்சன் மாதிரி பெரிய தலைகளும் வந்தாங்க. கோட்டு சூட்டு போட்டு தர்ணா. நியூயார்க் மக்கள் பெரும்பாலோர் அதைத் தாண்டி ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். இடிக்க மாட்டாங்க, இவ்வளவு பெரிய கட்டிடத்தை எவன் இடிப்பான்னு ஒரு நம்பிக்கை.

விஷயம் நகரத் திட்டக் குழுவுக்குப் போனது. அங்கேதான் கொடுமை. அந்தக் குழுவுக்கு முன்னாடி இருந்த ஒரே கேள்வி: இந்த இடத்தில் இவ்வளவு பெரிய அரங்கம் வரலாமா, நெரிசல் ஆகுமா? பென் ஸ்டேஷனை இடிக்கலாமா கூடாதான்னு கேட்க அவர்களுக்கு அதிகாரமே கிடையாது. அப்படி ஒரு சட்டமே நகரத்தில் இல்லை. சொத்துக்காரன் இடிக்கிறான், உனக்கென்ன?

1963 அக்டோபர் 28, மழை நாள் காலையில் இடிக்க ஆரம்பித்தார்கள். கிரேனில் கட்டி முதல் கழுகைக் கீழே இறக்கினார்கள். இடித்து முடிக்க கிட்டத்தட்ட மூணு வருஷம் ஆச்சு. அந்த மூணு வருஷமும் கீழே ரயில் ஓடிக்கிட்டேதான் இருந்தது. ஜனங்க போய் வந்துக்கிட்டேதான் இருந்தாங்க. தூண்களையும் சிலைகளையும் லாரியில் ஏற்றிப் போய் நியூ ஜெர்சியின் சதுப்பு நிலத்தில் கொட்டினார்கள். நிலையத்துக்கு வயசு 53.

இங்கே ஒரு இடைச்செருகல். நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஒரு பழைய ஓட்டுக் கட்டிடம் இருந்தது. ஒரு காலத்தில் அம்மை வார்டு, அப்புறம் பிரசவ வார்டு, கடைசியில் உடைஞ்ச கட்டில் போடும் இடம். போன வருஷம் இடிச்சாங்க. உண்மையைச் சொல்றேன், எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. ஒழுகும் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் வாளி வைத்து நோயாளியைப் பார்த்தவன் நான். புது பிளாக் வந்தா ஆக்ஸிஜன் லைன் வரும், லிஃப்ட் வரும். ரெண்டு நாளில் தரைமட்டம். அப்புறம் ஓய்வு பெற்ற ஒரு சிஸ்டர் அம்மா ஊசி போட வந்தவங்க கேட்டாங்க: "என்ன டாக்டர் தம்பி, எங்க வார்டைக் காணோம்? நான் முப்பது வருஷம் அதுலதான நின்னேன். ஒரு போட்டோவாவது எடுத்து வச்சீங்களா?" யாரும் எடுக்கலை. என்கிட்ட இருந்தது கட்டில் எண்ணிக்கைக் கணக்கு மட்டும்தான்.

அந்தக் கட்டிடத்தை இடிச்சிருக்கக் கூடாதுன்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன். ஆனா இடிக்கலாமான்னு ஒரு ஆள் கூட, என்னையும் சேர்த்து, கேட்கலை. அதுக்கப்புறம்தான் இந்தக் கதையைத் தேடித் தேடிப் படிச்சேன். கேள்வி கேட்கும் அதிகாரம் யாருக்கு? காப்பாத்தணும்னா அந்தச் செலவு யார் தலையில்? இந்த ரெண்டும்தான் எனக்குத் தெரியணும்.

முதல் கேள்விக்கு நியூயார்க் 1965ல் பதில் சொன்னது. ஏப்ரல் 19 அன்று மேயர் ராபர்ட் வாக்னர் நினைவுச் சின்னப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். 11 பேர் கொண்ட ஆணையம். குறைந்தது 30 வருஷம் பழசான, வரலாறோ அழகோ உள்ள கட்டிடத்தை அவர்கள் அறிவிக்கலாம். அறிவித்த பிறகு உரிமையாளர் ஆணையத்திடம் அனுமதி வாங்காமல் வெளித்தோற்றத்தில் கை வைக்கக் கூடாது. சட்டம் வந்த நாளில் பென் ஸ்டேஷனின் பாதி இன்னும் நின்று கொண்டிருந்தது. போஸ்ட்மார்ட்டம் பாதியில் இருக்கும்போதே எழுதிய சட்டம்.

1967 ஆகஸ்ட் 2 அன்று கிராண்ட் சென்ட்ரல் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. அந்தப் பதாகை ஊர்வலம் நடந்து சரியா அஞ்சு வருஷம்.

இப்போ கிராண்ட் சென்ட்ரலின் பூர்வீகம். இது தெரிஞ்சாத்தான் பின்னாடி வரும் வழக்கு புரியும்.

1871ல் கப்பல், ரயில் கோடீஸ்வரர் கார்னிலியஸ் வாண்டர்பில்ட் அதே இடத்தில் கிராண்ட் சென்ட்ரல் டிப்போன்னு ஒன்று கட்டினார். அப்போ எல்லாம் நீராவி இன்ஜின். நகரத்துக்குள் வரும் கடைசி மைல்கள் சுரங்கம். புகை மண்டும், சிக்னல் தெரியாது. 1902 ஜனவரி 8 காலையில் சுரங்கத்துக்குள் நின்றிருந்த ரயிலின் பின்னால் இன்னொரு ரயில் மோதி 15 பேர் இறந்தார்கள். மக்கள் கொதித்தார்கள். 1908க்குப் பிறகு மன்ஹாட்டனுக்குள் நீராவி இன்ஜின் கூடாதுன்னு மாநிலம் சட்டம் போட்டது.

ரயில்வேயின் தலைமைப் பொறியாளர் வில்லியம் வில்கஸ். அவர் யோசித்தது இதுதான். மின்சார ரயில்னா புகை கிடையாது. புகை இல்லைன்னா தண்டவாளத்துக்கு மேலே திறந்தவெளி தேவையில்லை. ரெண்டு அடுக்கா தண்டவாளத்தைப் பூமிக்குள் இறக்கிட்டு மேலே மூடிட்டா, அந்த மேல்தளத்தில் தெரு போடலாம், ஹோட்டல் கட்டலாம், வாடகைக்கு விடலாம். ரயில்வே தன் தலைக்கு மேலே இருக்கும் காற்றை விற்று அந்தக் காசில் நிலையத்தைக் கட்டலாம்.

நம்ம ஊரில் மனை வாங்கினவங்களுக்கு எஃப்.எஸ்.ஐ தெரியும். இந்த மனையில் இவ்வளவு சதுர அடிதான் கட்டலாம்னு ஒரு அளவு. அதில் பயன்படுத்தாத மிச்சம் ஒரு சொத்து மாதிரி. அந்த எண்ணத்தை இவ்வளவு பெரிய அளவில் காசாக்கிக் காட்டிய ஆள் வில்கஸ். இன்னைக்கு நியூயார்க்கின் பார்க் அவென்யூவில் நிற்கும் விலை உயர்ந்த கட்டிடங்கள் பலவும் ரயில் தண்டவாளத்துக்கு மேலேதான் நிற்குது. வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல் உட்பட.

1913 பிப்ரவரியில் புது நிலையம் திறந்தது. 44 பிளாட்பாரங்கள், உலகத்தில் வேறு எந்த நிலையத்துக்கும் அத்தனை கிடையாது. ஒரு விஷயத்தைக் குறித்து வைங்க. மூல வரைபடத்தில் நிலையத்தின் தலைமேல் 20 மாடிக் கட்டிடம் ஒன்று இருந்தது. அதைக் கட்டவே இல்லை. இடம் மட்டும் மேலே காலியா நின்றது.

அந்தக் காலி இடம்தான் வில்லங்கம். காற்றுக்கு விலை உண்டுன்னு உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நிலையம், நடு மன்ஹாட்டனில், தன் தலைக்கு மேலே ஒன்றுமே கட்டாமல் நின்றால் முதலாளிக்குத் தூக்கம் வருமா?

1954ல் நிலையத்தையே இடித்து எண்பது மாடி கோபுரம் கட்டலாம்னு ஒரு திட்டம். வரைந்தவர் பின்னாளில் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பிரமிடைக் கட்டப்போகும் ஐ.எம். பெய். அது நின்றுபோனது. 1960ல் இன்னொரு யோசனை: காத்திருப்புக் கூடத்தின் உயரத்தை அடுக்கடுக்காத் தடுத்து மூணு தளத்துக்கு பௌலிங் விளையாட்டுக்கூடம். அதை நகரம் மறுத்தது. அடுத்து நிலையத்தின் வடக்குப் பக்கம் முதுகை ஒட்டி 59 மாடி பான் ஆம் கட்டிடம் எழும்பி 1963ல் திறந்தது. வானத்துக்கு எதிரா நின்ற நிலையத்துக்குப் பின்னாடி ஒரு சுவர் வந்த மாதிரி ஆச்சு.

பெரிய அடி 1968ல். பென் ஸ்டேஷனை இடித்த பென்சில்வேனியா ரயில்வேயும், கிராண்ட் சென்ட்ரலை வைத்திருந்த நியூயார்க் சென்ட்ரலும் அந்த வருஷம் பிப்ரவரியில் ஒன்றாகி பென் சென்ட்ரல் ஆனது. ரெண்டு நோயாளியை ஒரே கட்டிலில் போட்டா குணமாகிடுவாங்கன்னு நினைச்ச மாதிரி ஒரு இணைப்பு. கம்பெனிக்கு அவசரமாப் பணம் வேணும். நிலையத்தின் மேல்வெளியை யு.ஜி.பி. என்கிற நிறுவனத்துக்கு 50 வருஷக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தது. கட்டும் காலத்தில் வருஷத்துக்கு 10 லட்சம் டாலர், முடிந்த பிறகு குறைந்தது 30 லட்சம்.

வடிவமைப்பு மார்செல் பிரூயர். சாதாரண ஆள் இல்லை, அந்தத் தலைமுறையின் பெரிய நவீனக் கட்டிடக் கலைஞர். ரெண்டு திட்டம் கொடுத்தார். ஒன்று, நிலையத்தின் முகப்பை அப்படியே வைத்து அதன் தலைமேல் 55 மாடி. இன்னொன்று, முகப்பின் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டு 53 மாடி.

ஆணையம் நாலு நாள் விசாரித்தது. 80க்கும் மேற்பட்டவர்கள் சாட்சி சொன்னார்கள். 1969ல் ரெண்டையும் நிராகரித்தது. அலங்காரமான பழைய முகப்புக்கு மேலே 55 மாடியைத் தூக்கி வைப்பது அழகியல் பேரில் ஒரு ஜோக்குன்னே தீர்ப்பில் எழுதினார்கள். அரசு ஆவணத்தில் இப்படி ஒரு நக்கல் அபூர்வம்.

பென் சென்ட்ரல் வழக்குப் போட்டது. அவங்க வாதத்தைக் கொஞ்சம் நிதானமாக் கேளுங்க, அதில் நியாயம் இருக்கு. அமெரிக்க அரசியல் சட்டப்படி பொது நலனுக்காக ஒருத்தர் சொத்தை எடுத்தா இழப்பீடு கொடுக்கணும். "எங்க தலைக்கு மேல இருக்கிற இடத்தைப் பயன்படுத்தக் கூடாதுன்னு சொல்றீங்க. வருஷத்துக்குப் பல லட்சம் டாலர் போகுது. ஊரே ரசிக்கிற அழகுக்கு நாங்க மட்டும் ஏன் பணம் கட்டணும்?" இதுதான் சாரம். 1970 ஜூனில் கம்பெனியே திவால் ஆனது. அமெரிக்கா அதுவரை பார்த்ததில் மிகப் பெரிய திவால். வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

1975 ஜனவரியில் கீழ் நீதிமன்றம் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி சேபோலுக்கு அந்தக் கட்டிடத்தில் பெரிய அழகு எதுவும் தெரியலை. கவனிக்காமல் விட்டு மங்கிப்போன ஒன்றாகத்தான் தெரிந்தது. கட்டிடத்தின் அன்றைய நிலைமையைப் பார்த்தால் அவரை முழுசாக் குறை சொல்ல முடியாது.

நேரம் அதைவிட மோசம். 1975ல் நியூயார்க் நகராட்சியே திவாலின் விளிம்பில். சம்பளம் கொடுக்கக் காசில்லை. மேயர் ஏபிரகாம் பீம் கணக்கு வழக்கில் இருந்து அரசியலுக்கு வந்தவர். அப்பீல் போய்த் தோற்றால் பல கோடி டாலர் இழப்பீடு கட்ட வேண்டி வரலாம். பேசாமல் விட்டுவிடலாம்கிற பேச்சு நகராட்சிக்குள் ஓடியது.

அப்போதான் முனிசிபல் ஆர்ட் சொசைட்டி என்கிற குடிமக்கள் அமைப்பின் ஆபீசுக்கு ஒரு போன் வந்தது. பேப்பரில் செய்தி படித்தேன், நான் உதவலாமான்னு ஒரு பெண் குரல். ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸ். முன்னாள் அதிபரின் மனைவி. வெள்ளை மாளிகையில் இருந்த காலத்திலேயே அதன் எதிரே லஃபாயெட் சதுக்கத்துப் பழைய வீடுகளை இடிக்க விடாமல் தடுத்தவர்.

1975 ஜனவரி 30. நிலையத்துக்கு உள்ளேயே, ஆய்ஸ்டர் பார் உணவகத்தில் பத்திரிகையாளர் சந்திப்பு. ஜாக்குலின், பென் ஸ்டேஷனுக்காகப் பதாகை பிடித்துத் தோற்ற அதே பிலிப் ஜான்சன், சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அதே முன்னாள் மேயர் வாக்னர், பின்னாளில் மேயர் ஆகப்போகும் எட் கோச். அடுத்த நாள் பேப்பர் முழுக்க ஜாக்குலின் படம். பிப்ரவரியில் மேயர் பீமுக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். நகரம் அப்பீல் போனது.

பிரபலம் வந்ததால்தான் நிலையம் தப்பித்ததுன்னு இந்தக் கதையைப் பல பேர் சொல்வாங்க. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அவர் இல்லாமல் அப்பீல் போயிருக்குமா என்பது சந்தேகமே, ஒத்துக்கிறேன். ஆனா அப்பீல் போக ஒரு சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தை எழுதியவங்க, நாலு நாள் விசாரணையில் உட்கார்ந்தவங்க, பத்து வருஷம் ஃபைல் தூக்கிட்டுக் கோர்ட்டுக்கு நடந்த நகராட்சி வக்கீல்கள், இவங்க முகம் எந்தப் படத்திலும் இல்லை. பென் ஸ்டேஷனுக்கும் பிரபலங்கள் வந்தாங்களே. வந்து என்ன ஆச்சு?

1975 டிசம்பரில் மேல்முறையீட்டில் நகரம் ஜெயித்தது, மூணுக்கு ரெண்டு. 1977ல் மாநிலத்தின் உச்சபட்ச நீதிமன்றத்திலும் ஜெயித்தது. பென் சென்ட்ரல் வாஷிங்டன் போனது, நாட்டின் உச்ச நீதிமன்றம்.

விசாரணைக்கு முந்தைய நாள், 1978 ஏப்ரல் 16, ஆதரவாளர்கள் லேண்ட்மார்க் எக்ஸ்பிரஸ்னு ஒரு ரயிலை ஏற்பாடு பண்ணி, ஜாக்குலினும் சேர்ந்து வாஷிங்டனுக்குப் போனாங்க. ரயில் நிலையத்தைக் காப்பாத்த ரயிலிலேயே போறாங்கன்னா பேப்பர்காரங்க விடுவாங்களா?

ஜூன் 26 அன்று தீர்ப்பு. ஆறுக்கு மூணு. நிலையம் தப்பித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி பிரென்னன். 65 வருஷமா ரயில் நிலையமா நடத்துறீங்க, இனியும் நடத்தலாம், யாரும் தடுக்கலை. 55 மாடி கூடாதுன்னுதான் சொன்னாங்க. சின்னதா ஒன்று கேட்டுப் பார்த்தீங்களா? அதைவிட முக்கியம், நகரம் உங்களுக்கு ஒரு வழி விட்டிருக்கு. பயன்படுத்தாத மேல்வெளி உரிமையைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கலாம். அப்படி மாற்றத் தகுதியான மனைகள் சுற்று வட்டாரத்திலேயே குறைந்தது எட்டு இருந்தன. ஆகவே இது சொத்துப் பறிப்பு இல்லை.

எதிர்த் தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ரென்குவிஸ்ட். இந்த நகரத்தில் பத்து லட்சத்துக்கு மேல் கட்டிடம் இருக்கு. அதில் நானூறு சொச்சத்தைப் பொறுக்கி எடுத்து, அந்த நானூறு பேர் மட்டும் ஊருக்காக நஷ்டப்படணும்னு சொல்றீங்கன்னு கேட்டார். நான் கட்டிடம் தப்பித்ததில் சந்தோஷப்படும் ஆள். இருந்தாலும் அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கு. டி.டி.ஆர்.னு இன்னைக்கு நம்ம ஊர்க் கட்டிட விதிகளிலும் பேசும் அந்த உரிமை மாற்றம் இல்லாமல் இருந்தால், நான் ரென்குவிஸ்ட் பக்கம் சாய்ந்திருப்பேனோ என்னவோ.

இன்னொன்று. அந்த ராசி மண்டலக் கூரை இருக்கும் பெரிய கூடம் இருக்கே, வழக்கு நடந்த காலம் பூரா அதுக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது. வெளித்தோற்றம் மட்டும்தான் பட்டியலில். உட்புறத்தை 1980ல்தான் சேர்த்தார்கள்.

ஜெயித்த மறுநாள் கட்டிடம் ஜொலித்ததான்னா இல்லை. கூரை ஒழுகியது. வீடில்லாதவர்கள் காத்திருப்புக் கூடத்தில் படுத்தார்கள். கூடத்தின் கிழக்குப் பக்கத்தை 60 அடி அகலக் கோடாக் விளம்பரம் 1990 வரை அடைத்து நின்றது. கோர்ட் உத்தரவு இடிப்பதைத் தடுக்கும், கூரை போட்டுத் தராது. வென்டிலேட்டரில் இருந்து எடுத்த நோயாளியை நடக்க வைப்பது தனி வேலை. 1983ல் மெட்ரோ நார்த் என்கிற பொதுத்துறை ரயில் நிறுவனம் வந்து, 1994ல் நீண்டகாலக் குத்தகை எடுத்து, முழுப் புனரமைப்பு செய்து 1998 அக்டோபரில் திறந்தார்கள். அந்தக் கருப்புச் சதுரம் அப்போ விட்டதுதான்.

பென் ஸ்டேஷன்? வட அமெரிக்காவிலேயே அதிகக் கூட்டம் உள்ள ரயில் நிலையம் இன்னைக்கும் அதுதான், ஆனா விளையாட்டு அரங்கத்துக்கு அடியில், தாழ்ந்த கூரைக்குக் கீழே. பக்கத்துத் தெருவில் அதே மெக்கிமின் நிறுவனம் கட்டிய பழைய தபால் நிலையத்தை மாற்றி 2021ல் ஒரு புதுக் கூடம் திறந்தாங்க, அதில் கொஞ்சம் வெளிச்சம் வருது. 22 கழுகுகளில் ரெண்டு ஏழாவது அவென்யூ வாசலில் உட்கார்ந்திருக்கு, நாலு பிலடெல்பியாவில் ஒரு பாலத்தில்.

இன்னொரு விஷயம் சொல்லணும், நிறைய பேர் இதைச் சொல்லாமல் விட்டுடறாங்க. கிராண்ட் சென்ட்ரலின் அந்த மிச்சக் காற்று பல கை மாறியது. 2018ல் ஜே.பி. மோர்கன் வங்கி அதில் சுமார் 6,80,000 சதுர அடியை வாங்கியது. எதுக்கு? பார்க் அவென்யூவில் தன் தலைமையகத்தை இன்னும் உயரமாக் கட்ட. அந்த இடத்தில் ஏற்கெனவே 1960ல் கட்டிய 52 மாடிக் கட்டிடம் இருந்தது, யூனியன் கார்பைடு கட்டிடம். அமெரிக்க நவீனக் கட்டிடக்கலையில் மதிப்பானதுன்னு பல நிபுணர்கள் சொன்னாங்க. ஆணையம் அதைப் பட்டியலில் சேர்க்கலை. இடிச்சாங்க. புதுக் கோபுரம் 2025ல் திறந்தது. அது நிற்பதும் கிராண்ட் சென்ட்ரலுக்குப் போகும் தண்டவாளங்களுக்கு மேலேதான், வில்கஸ் போட்ட அதே மேல்தளம்.

போபால் நடந்த நாட்டுக்காரனுக்கு யூனியன் கார்பைடு பேரைப் பார்த்ததும் அனுதாபம் வர மறுக்குது, அது வேற விஷயம்.

நியூயார்க் போகும் நண்பர்கள் யாராவது இருந்தா, கூரையில் நண்டைத் தேடுங்க, சதுரம் பக்கத்திலேயே இருக்கும். மீன ராசி ஓரமா ஒரு சின்ன ஓட்டையும் தெரியும். 1957ல் ரெட்ஸ்டோன் ராக்கெட் ஒன்றைக் கூடத்துக்குள் நிறுத்திக் கம்பி கட்டின இடம். போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்க.

எங்க சிஸ்டர் அம்மாவின் வார்டு போட்டோவை இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். பழைய பேட்ச் ஹவுஸ் சர்ஜன் ஒருத்தர் ஆல்பத்தில் இருக்கலாம்னு சொல்லியிருக்கார். கிடைச்சா இங்கேயே போடுறேன். காலையில் ஓ.பி. இருக்கு, வரேன்.